அந்தமான் செல்லுலார் சிறை: ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் இடமன்று

சென்னையிலிருந்து அந்தமானுக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா நிறுவனங்கள் பலவற்றின் பயணத்திட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. முதல் நாள் காலை விமானம், விடுதியில் மதியச் சாப்பாடு, பிற்பகலில் செல்லுலார் சிறை, இருட்டியதும் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி, மறுநாள் விடிந்ததும் ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். அப்படியொரு திட்டத்தில் போன எங்களுக்குச் சிறைக்குள் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதுதான். அதிலும் பாதி நேரம் வண்டி ஓட்டுநர் கைப்பேசியில் அழைத்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். ஊர் திரும்புவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு நாங்களாகவே மறுபடியும் போனோம். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இரண்டாவது வருகையின் அடிப்படையில் எழுதப்படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நான் பார்த்த நினைவுச் சின்னங்களில், கட்டடமே தன் வரலாற்றை இவ்வளவு தெளிவாக விளக்கும் இடம் வேறொன்றில்லை. ஆனால் அந்த விளக்கம் அவசரமாகப் போகிறவர்களுக்குக் கிடைக்காது. குறைந்தது அரை நாள் வேண்டும், விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டும், போவதற்கு முன்பே இந்தத் தீவுகளின் கதையைக் கொஞ்சம் படித்திருக்கவும் வேண்டும். அங்கே சொல்லப்படுவது நெடிய வரலாற்றின் ஒரு பகுதிதான் என்பதை மனத்தில் கொண்டு போகிறவர்களுக்கு இது பல மடங்கு பயன்தரும்.

போர்ட் பிளேர் நகரத்துக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்பது அதிகாரப்பூர்வப் பெயர். அங்கே அபர்டீன் கடைவீதியிலிருந்து மேடேறிச் சென்றால், கடலைப் பார்த்த அட்லாண்டா முனையில் சிறை நிற்கிறது. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது, உழைப்பு கைதிகளுடையது. நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு திசைகளில் நீண்ட ஏழு சிறகுகள். ஒவ்வொரு சிறகும் மூன்று தளம். மொத்தம் 690க்கும் மேற்பட்ட அறைகள். இன்று அவற்றில் மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இரண்டும், சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டும் இடிக்கப்பட்டன. மிச்சமாவது தப்பியதற்கு, அங்கே அடைபட்டிருந்த முன்னாள் அரசியல் கைதிகள் விடாமல் குரல் எழுப்பியதே காரணம். வளாகத்தின் ஒரு பகுதியில் 1963 முதல் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இயங்கி வருகிறது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

இந்த எண்களைப் பலகையில் படித்துவிட்டு நகர்ந்தால் எதுவும் புரியாது. ஏதேனும் ஒரு சிறகின் தாழ்வாரத்தில் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சிறகின் அறைக் கதவுகள் எல்லாம் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தே அமைந்திருக்கின்றன. கம்பிக்கு இடையே பார்க்கும் கைதியின் கண்ணில் படுவது எதிர்ச் சிறகின் பின்சுவரும், அதில் உயரத்தில் வரிசையாக உள்ள காற்றுத் துளைகளுமே. இன்னொரு மனித முகம் தெரிய வழியில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது, எதிரில் இருப்பவரையும் பார்க்க முடியாது. தாழ்வாரத்திலிருந்து வெளியேறும் ஒரே வழி நடுக்கோபுரத்தில் போய் முடிகிறது. அங்கே ஒரு காவலர் நின்றால் ஏழு சிறகுகளின் வாயிலும் அவர் கைக்குள் அடக்கம். தனிமையையே தண்டனையாக்குவது என்று முடிவு செய்தவர்கள், சாட்டையையும் விலங்கையும் எண்ணுவதற்கு முன்பே செங்கல்லை எப்படி அடுக்குவது என்று எண்ணியிருக்கிறார்கள். அந்தத் திட்டம் எவ்வளவு நுட்பமானது என்பது தாழ்வாரத்தில் நிற்கும்போது உடம்பில் உறைக்கிறது.

அறைகள் ஏறத்தாழ 13 அடி நீளமும் ஏழெட்டு அடி அகலமும் கொண்டவை. பின்சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது கதவின் தாழ்ப்பாள். கதவிலிருந்து நீளும் இரும்புக் கம்பி, பக்கச் சுவருக்குள் தோண்டிய ஒரு குழிவுக்குள் போய் முடிகிறது. பூட்டு அந்தக் குழிவுக்குள், கதவிலிருந்து விலகி இருக்கிறது. உள்ளேயிருந்து கம்பிக்கு இடையே கையை எவ்வளவு நீட்டினாலும் விரல் பூட்டைத் தொடாது. நான் உள்ளே நின்று முழங்கை வரை கையை நுழைத்துப் பார்த்தேன். சுவரின் விளிம்பு மட்டுமே விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் காட்ட வேண்டும். எந்தப் பாடப்புத்தகப் பத்தியும் இந்தப் பூட்டைப் போல் அவர்களுக்கு விளக்கிவிடாது.

சிறை ஏன் இங்கே கட்டப்பட்டது என்ற கேள்விக்கு, நினைவிடத்தின் விளக்கப் பலகைகள் கொடுக்கும் இடம் குறைவு என்பது என் எண்ணம். ஆட்சியை எதிர்த்தவர்களைக் கடல் கடத்தும் வழக்கம் அந்தமானுக்கு முந்தையது. பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றியதை நம்மவர் பலர் அறிவார்கள். 1857 எழுச்சிக்குப் பின் சிறைகள் நிரம்பி வழிந்தபோது கம்பெனியின் கண் அந்தமானில் விழுந்தது. 1858 மார்ச் மாதம், ஆக்ரா சிறையின் கண்காணிப்பாளராக இருந்த ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். அப்போது சிறைக் கட்டடம் எதுவும் இல்லை. காடும் கடலுமே மதில். தப்பிக் காட்டுக்குள் ஓடிப் பிடிபட்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். செல்லுலார் சிறை எழுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவின் பெயர் கெட்டுப்போனதற்கு இதுவே தொடக்கம்.

பிறகு பல பத்தாண்டுகள், கைதிகளைக் கொண்டு காட்டை வெட்டி, சாலை போட்டு, குடியிருப்புகளை உருவாக்கினார்கள். நன்னடத்தை காட்டியவர்களுக்கு நிலம் கிடைத்தது. பெண் கைதிகளுடன் திருமணம் செய்துகொள்ளவும் அனுமதி கிடைத்தது. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு ஹோப்டவுன் துறையில் படகேறப் போன நேரத்தில், ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களில் பதவியில் இருக்கும்போது கொலையுண்டவர் அவர் ஒருவரே. 1890இல் லயல், லெத்பிரிட்ஜ் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் இந்தக் குடியேற்றத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். நாடு கடத்தல் கைதிகளுக்குப் போதிய அச்சத்தை ஏற்படுத்தவில்லை; ஆகவே வந்து இறங்கியதும் ஒவ்வொருவரையும் முதலில் சில மாதம் கடுந்தனிமையில் அடைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. அந்தப் பரிந்துரையே செங்கல்லாக மாறி அட்லாண்டா முனையில் நிற்கிறது. வழிகாட்டி இதைச் சொன்ன பிறகுதான், தாழ்வாரத்தில் நான் கண்ட அமைப்பு ஒருவருடைய கொடூர மனத்தின் கற்பனை அன்று, குழு அமைத்து, அறிக்கை எழுதி, செலவுக் கணக்குப் போட்டு ஒப்புதல் அளிக்கப்பட்ட நிர்வாக முடிவு என்பது எனக்கு விளங்கியது.

வழிகாட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுழைவாயில் அருகே கேட்டால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். எங்களுக்கு வந்தவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பழகியவர். ஆனாலும் நாங்கள் தமிழர்கள் என்றதும் சரளமான தமிழுக்கு மாறிவிட்டார். தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் ஊர் என்பதால் இதில் வியப்பில்லை. தமிழில் விளக்கக்கூடியவர் வேண்டும் என்று முதலிலேயே கேட்பது நல்லது. அவருக்குக் கொடுத்த தொகை நுழைவுக் கட்டணத்தைவிடப் பன்மடங்கு. அதில் ஒரு ரூபாய்கூட வீணில்லை. சிறகுகளுக்கு இடையே உள்ள முற்றம் வெறும் புல்வெளியாகத் தோன்றும். அங்கேதான் பட்டறைகள் இருந்தன, அங்கேதான் தேங்காய் மட்டையை அடித்து நார் உரித்தார்கள், அங்கேதான் செக்கு சுழன்றது என்று ஒருவர் கை நீட்டிக் காட்டாவிட்டால் அந்தப் புல்வெளி ஒன்றும் சொல்லாது.

செக்கு என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வ.உ.சி. நினைவு வராமல் இருக்காது. 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்த தண்டனையும் நாடு கடத்தல்தான். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, கோவையிலும் கண்ணனூரிலும் அவர் சிறையிருந்தார். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் கட்டினார்கள். அதே காலத்தில் அந்தமானில் அது நாள்தோறும் நடந்துகொண்டிருந்த வேலை. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் என்பது ஒரு கைதிக்கு வைத்த அளவு. நம் கணக்கில் பதின்மூன்றரைக் கிலோவுக்கும் மேல். அளவு குறைந்தால் சாப்பாடு குறையும், விலங்கு ஏறும், சுவரோடு கையைப் பூட்டி மணிக்கணக்கில் நிற்க வைப்பார்கள். பட்டறையில் வைத்துள்ள செக்கின் உலக்கைக் கட்டையைக் கையால் தள்ளிப் பார்க்க யாருக்கும் தோன்றும். ஆனால் தொட அனுமதி இல்லை, அது சரியே. உருவப்பொம்மைகளை வைத்து வேலையையும் சவுக்கடியையும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பொம்மைகள் இல்லாமல் கருவிகள் மட்டும் இருந்திருந்தால் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும் என்பது என் கருத்து. சவுக்கடிக்காகக் கைதியைக் கட்டிவைத்த, சாய்ந்து நிற்கும் முக்கோணச் சட்டத்துக்கும் கால்விலங்கின் குறுக்குக் கம்பிக்கும் துணை தேவையில்லை.

1909இன் இறுதியில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற வங்கப் புரட்சியாளர்கள் வந்து சேர்ந்தார்கள்: பாரீந்திர குமார் கோஷ், உல்லாஸ்கர் தத், ஹேமச்சந்திர தாஸ், உபேந்திரநாத் பானர்ஜி போன்றோர். அலகாபாத்தில் 'ஸ்வராஜ்' பத்திரிகையை நடத்திய ஆசிரியர்கள், எழுதியதற்காகவே இங்கே அனுப்பப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரான நந்த் கோபால், செக்கை மாடு போலச் சுற்ற மறுத்து, தனக்கு முடிந்த வேகத்தில் மட்டுமே சுற்றுவேன் என்று உறுதியாக நின்ற செய்தி இந்தச் சிறையின் எதிர்ப்பு வரலாற்றில் முக்கியமான தொடக்கம். டேவிட் பாரி என்ற ஐரிஷ் சிறையதிகாரியின் காலம் அது. 1912இல் இந்து பூஷண் ராய் தன் அறையிலேயே தூக்கிட்டு இறந்தார். உல்லாஸ்கர் தத் சித்திரவதையில் மனநிலை குலைந்து, கடைசியில் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். நம் ஊரோடு இப்படியொரு தொடர்பு இருப்பது பெரும்பாலான தமிழர்களுக்குத் தெரியாது. நினைவிடத்தில் ஒரு சிறு பலகையில் அதைக் குறித்து வைத்தால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒரு நிமிடமாவது நின்று படிப்பார்கள்.

பார்வையாளர்கள் அதிகமாகக் கூடுவது மூன்றாவது தளத்தின் கடைசி அறையில். விநாயக் தாமோதர் சாவர்க்கர் 1911 ஜூலையில் ஐம்பது ஆண்டுத் தண்டனையோடு வந்து அடைபட்ட அறை அது. அவருடைய கழுத்தில் தொங்கிய வில்லையில், ஆபத்தானவர் என்பதற்கான ஆங்கில எழுத்தும், விடுதலை ஆண்டாக 1960 என்பதும் பொறிக்கப்பட்டிருந்தன. அண்ணன் கணேஷ் அதே சிறையில் இருந்தும், இருவரும் நெடுங்காலம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கட்டட அமைப்பு எவ்வளவு திறம்பட வேலை செய்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இந்த அறையில் படத்துக்கு மாலை உண்டு, படமெடுத்துக்கொள்ள வரிசை உண்டு. வரலாற்றை முழுமையாக அறிய விரும்புகிறவர்கள், 1913இல் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக் சிறையைப் பார்வையிட வந்தபோது சாவர்க்கரும், பாரீந்திர கோஷ், நந்த் கோபால் உள்ளிட்ட வேறு சிலரும் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள் என்பதையும் படித்துவிட்டு வர வேண்டும். அந்த மனுக்கள் இன்றைய அரசியலில் ஒருவர் மீது ஒருவர் எறியும் கல்லாகிவிட்டன. இந்தத் தாழ்வாரத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது வேறு. மனுவை மறைப்பதும் தவறு, அதை எழுதிய இடத்தை மறந்துவிட்டு அதைப் படிப்பதும் தவறு. மனு, மறுமொழி, சிறைப் பதிவேடு மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டும் துணிவு ஒரு தேசிய நினைவிடத்துக்கு இருக்க வேண்டும்.

நான் அதிக நேரம் செலவிட்டது 1930களின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடத்தில். முதல் உலகப் போருக்குப் பிறகு அரசியல் கைதிகளை இங்கே அனுப்புவதை நிறுத்திய ஆங்கில அரசு, 1932இல் மறுபடியும் தொடங்கியது. சிட்டகாங் ஆயுதக் கிடங்கு வழக்கு, லாகூர் சதி வழக்கு ஆகியவற்றில் தண்டனை பெற்றவர்கள் வந்தார்கள். பகத் சிங்குடன் மத்திய சட்டசபையில் குண்டு வீசிய படுகேஷ்வர் தத்தும் அவர்களில் ஒருவர். 1933 மே மாதம் அவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கேட்டவை மிகச் சாதாரணமானவை: உண்ணத்தக்க உணவு, படிக்கப் புத்தகம், இரவில் ஒரு விளக்கு. மூக்கு வழியாகக் குழாய் செருகிப் பாலை வலுக்கட்டாயமாக ஊற்றினார்கள். மகாவீர் சிங்குக்கு அது நுரையீரலில் இறங்கி, மே 17 அன்று இறந்தார். அடுத்த சில நாட்களில் மோகன் கிஷோர் நமதாஸும் மோஹித் மொய்த்ராவும் அதே வகையில் இறந்தார்கள். அதன் பிறகே அரசு இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகங்கள் வந்தன, சிறை ஒரு படிப்பகமாக மாறியது. மார்க்சியம் படித்த இளைஞர்கள் உள்ளேயே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 1937 ஜூலையில் நடந்த இரண்டாவது பெரிய உண்ணாவிரதம் நாடு முழுவதும் எதிரொலித்தது. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாய்நிலத்துச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் கதைக்குரிய இடம் உள்ளே சுவரில் உள்ள படங்களோடு முடிந்துவிடவில்லை. சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் இந்து பூஷண் ராய், பாபா பான் சிங், பண்டிட் ராம் ரக்கா, மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய ஆறு பேருக்குச் சிலைகள் உள்ளன. சிறையை விட்டு வெளியே வருகிறவர்கள் வண்டியைத் தேடி ஓடுவதால் பூங்காவுக்குள் நுழைவோர் குறைவு. சிறைக்குள் உயிர் நீத்தவர்களின் சிலைகளுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடமாவது நின்றுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்துச் சுவரில் பொறித்துள்ள பெயர்ப் பட்டியல்களையும் அதே பொறுமையுடன் படிக்க வேண்டும். வங்காளத்துக்கு எத்தனை பலகைகள், மற்ற மாகாணங்களுக்கு எவ்வளவு என்று பார்த்தாலே, ஆயுதப் போராட்டம் எங்கே வேர்கொண்டிருந்தது என்பது தெரிந்துவிடும்.

குறை என்று நான் கருதுவது, சொல்லாமல் விட்ட பக்கங்களைத்தான். முதலாவது, பெயரில்லாத கைதிகள். இங்கே அடைபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசியல் கைதிகள் அல்லர். கொலை, கொள்ளை வழக்குகளிலும், பஞ்சத்தின் விளைவாக எழுந்த வழக்குகளிலும் தண்டனை பெற்ற எளிய மக்கள். சிறையைக் கட்டியவர்களும் அவர்களே. 1921இல் மலபாரில் நடந்த மாப்பிளை எழுச்சிக்குப் பின் வந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் குடியேறிய ஊர்கள் இன்றும் தெற்கு அந்தமானில் காலிக்கட், மஞ்சேரி, திரூர் என்ற பெயர்களுடன் இருக்கின்றன. மொழி, மதம், சாதி கடந்து கைதிகளுக்குள் நடந்த திருமணங்களில் பிறந்த வழித்தோன்றல்கள் ஒரு தனிச் சமூகமாகவே இங்கே வாழ்கிறார்கள். தண்டனைக் குடியேற்றத்தின் மிகப் பெரிய விளைவு இந்தச் சமூகம்தான். அவர்களுக்கென்று ஒரு முழுக் கூடமே ஒதுக்கத் தகும்.

இரண்டாவது, தீவின் பூர்வகுடிகள். கைதிகளைக் கொண்டு காடு வெட்டத் தொடங்கியதும், அந்தக் காட்டுக்கு உரியவர்களான பெரும் அந்தமானியர் எதிர்த்து நின்றார்கள். தப்பியோடி அவர்களுடன் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி, 1859இல் அவர்கள் தாக்க வரும் செய்தியை முன்கூட்டியே வந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டார். அபர்டீன் போரில் வில்லும் அம்பும் துப்பாக்கிக்கு முன் தோற்றன. பிறகு வந்த நோய்கள் மிச்சத்தை அழித்தன. 1961 கணக்கெடுப்பில் பெரும் அந்தமானியர் 19 பேர் மட்டுமே. இந்தச் சிறையின் கதை அவர்களுடைய அழிவின் கதையோடு பின்னிக் கிடக்கிறது. படகுத்துறை அருகே நீர் விளையாட்டு வளாகத்தில் அபர்டீன் போருக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. படகுக்குச் சீட்டு வாங்க நிற்கும் கூட்டத்தில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் அரிது.

மூன்றாவது, ஜப்பானியர் ஆண்ட காலம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை இறங்கியது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி இந்த நகரத்தில் மூவண்ணக் கொடியை ஏற்றினார் என்பது பெருமையோடு சொல்லப்படுகிறது, சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே மாதங்களில் உளவாளிகள் என்ற சந்தேகத்தின் பேரில் உள்ளூர் மக்களை இந்தச் சிறைக்குள்ளேயே வதைத்தார்கள். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் 1944 ஜனவரி 14 அன்று அந்த வதையில் இறந்தார். அந்த மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செல்லுலார் சிறையை ஆங்கிலேயரின் கொடுமைக்கு மட்டும் சாட்சியாக நிறுத்துவது, அந்த 44 பேரின் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

தூக்குமேடையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஒரே நேரத்தில் மூவரைத் தூக்கிலிடும்படி அமைந்தது. பக்கத்திலேயே இறுதிச் சடங்குக்கான இடம். அங்கே நின்று சிரித்துக்கொண்டு படமெடுப்பதை வழிகாட்டிகள் தடுக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒலி-ஒளிக் காட்சி இருட்டிய பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி வேளைகளில் நடக்கிறது. முற்றத்தில் நின்ற அரசமரமே கதை சொல்வதாக அமைத்த நிகழ்ச்சி. இந்தி வடிவத்தில் மரத்துக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் ஓம் பூரி. அந்தக் குரலுக்காகவே, மொழி முழுதும் புரியாவிட்டாலும், இந்திக் காட்சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏமாற மாட்டார்கள். சிறகுகளின் மீது விளக்கு ஒவ்வொரு அறையாக நகரும்போது கட்டடத்தின் நீளம் பகலில் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் உணர்ச்சியைத் தூண்டுவதே அதன் நோக்கம்; விவரம் தருவதன்று. நான் மேலே சொன்ன மூன்று விடுபடல்களும் இங்கே இன்னும் கூடுதலாகவே தெரியும். பகலில் சிறையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது நல்ல நிறைவு. காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மனம் கனக்கும், செய்தி சேராது. நேரம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் பகலையே தேர்ந்தெடுங்கள். சீட்டு சுற்றுலாப் பருவத்தில் விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. முன்பதிவு செய்துவிடுவது நல்லது. வார விடுமுறை நாளையும் மதிய இடைவேளை நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் மேல்தளம் வரை ஏறச் சிரமப்படுவார்கள். அவர்களுக்குக் கீழ்த்தளத்துத் தாழ்வாரம், பட்டறை, காட்சிக்கூடம் ஆகியவையே போதும். அறையும் பூட்டும் கீழேயும் ஒன்றுதான். முடிந்தவர்கள் கோபுரத்தின் உச்சி வரை ஏறிவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எதிரே ராஸ் தீவும், அப்பால் வடக்கு விரிகுடாவின் கலங்கரை விளக்கமும் தெரியும். பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் நாம் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய காட்சி, அந்தக் கலங்கரை விளக்கத்தை ஹாரியட் மலையிலிருந்து நோக்கிய காட்சியே.

சிறையைப் பார்த்த மறுநாள் ராஸ் தீவுக்குப் போவது சரியான வரிசை. இப்போது அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். கைதிகளை ஆண்டவர்கள் தேவாலயம், ரொட்டிக் கடை, நடனக்கூடம் எல்லாம் அமைத்துக்கொண்டு சொகுசாக வாழ்ந்த தலைமையகம் அது. 1941 நிலநடுக்கத்துக்கும் போருக்கும் பிறகு கைவிடப்பட்டு, சுவர்களை மரவேர்கள் பிளந்து நிற்கின்றன. சிறைக்கும் அந்த மாளிகைகளுக்கும் இடையே ஒரு சிறு கடல் கால்வாய்தான். வைப்பர் தீவையும் விட்டுவிடக் கூடாது. செல்லுலார் சிறை எழுவதற்கு முன் சங்கிலியில் பிணைத்த கைதிகளை வைத்திருந்த இடமும், 1872 மார்ச்சில் ஷேர் அலியைத் தூக்கிலிட்ட இடமும் அதுவே. செங்கல் தூக்குமேடைக் கட்டடம் ஒரு சிறு குன்றின் மீது இன்றும் இருக்கிறது. அங்கே படகுகள் எல்லா நாளும் போவதில்லை. ஊருக்குள் வந்து சேர்ந்த அன்றே படகுத்துறையில் கேட்டு, போகும் நாளைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப மற்றவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.